பக்கத்தில் நின்றவளின் முகம்

சென்ற வாரம் பாறசாலைப் பக்கம் ஒரு கல்யாணம். சர்ச்சில் ஆராதனை முடிந்து மண்டபத்துக்குள் நுழைந்தால் ஒரே தள்ளுமுள்ளு. பந்திக்குத்தான் இந்தக் கூட்டம் என்று நினைத்தேன். இல்லை. பந்தியில் பாதி நாற்காலி காலி. கூட்டமெல்லாம் வாசலோரம் நிறுத்திவைத்திருந்த ஒரு போர்டுக்கு முன்னால்!

போர்டில் மணமக்கள் படம். கீழே கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு. 'முகத்தைக் காட்டுங்கள், படங்களை அள்ளுங்கள்' என்று மலையாளத்தில் ஒரு வரி.

இந்தச் சமாசாரம் இன்னும் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, நம் முகத்தை ஒரு செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். கல்யாணத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் நாம் எங்கெல்லாம் இருக்கிறோமோ - மேடையில், பந்தியில், யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் பாதியாக - அத்தனையையும் பொறுக்கி எடுத்து நம் போனுக்கு அனுப்பிவிடும். முன்பெல்லாம் ஆல்பம் வர ஆறு மாதம் காத்திருப்போம். வந்த பிறகு அதில் நம்மைத் தேடுவோம். இப்போது அது நம்மைத் தேடுகிறது.

"மைனி, வாருங்க... மூஞ்சியக் காட்டுங்க. நல்ல தெளிஞ்ச போட்டோவாக்கும் வருது!" என்று கையைப் பிடித்து இழுத்தாள் என் நாத்தனார் கிரேஸ்.

"எனக்கு வேண்டாம் பிள்ளே."

"அதென்னது வேண்டாம்? காசா பணமா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

நான் நேரே பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். "மைனிக்கு இன்னும் அந்தப் பழைய சங்கதி மனசுல கெடக்கு" என்று அவள் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

பழைய சங்கதியா? போன வருடம் நடந்தது, கிரேஸ். உன் மகள் கல்யாணத்தில்.

உங்களிடம் அதைச் சொல்லாமல் இத்தனை மாதமாக இந்தப் பத்தியில் மாம்பழப் புளிசேரியைப் பற்றியும் பஸ்ஸில் சீட் பிடிப்பவர்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளறடையில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் ஒரு பெண் குடியிருந்தாள். ஷைனி என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயரல்ல. அவளோடு ஒரு சின்னப் பெண் குழந்தை. அதற்கு அம்மு என்று வைத்துக்கொள்வோம். அதுவும் அதன் பெயரல்ல. பெருங்கடவிளையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஷைனிக்கு வேலை. அந்த வேலையையும் நான் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஊருக்கு அவள் வெளிநாட்டில் வேலை பார்ப்பவனின் மனைவி. எங்கள் பகுதியில் பாதி வீடுகளில் அப்படித்தான், யாரும் துருவமாட்டார்கள். என்னிடம் மட்டும் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே உண்மையைச் சொன்னாள். புருஷன் தமிழ்நாட்டில், எல்லையிலிருந்து ரொம்பத் தள்ளி ஒரு ஊரில் இருக்கிறான். படித்தவன். நாலு பேர் மதிக்கும் உத்தியோகம். அவன் என்ன செய்தான் என்பதை நான் எழுதப்போவதில்லை. கடைசியில் அவன் அதைக் குழந்தைக்கும் செய்ய ஆரம்பித்தபோது இவள் பஸ் ஏறிவிட்டாள்.

"கேரளாவுக்குள்ள வந்துட்டா வேற ஸ்டேட் இல்லையாக்கா... யாரு தேடப்போறா?" என்றாள்.

சொன்னபடியே கவனமாக இருந்தாள். ஃபேஸ்புக் கிடையாது. வாட்ஸ்அப் டிபியில் ஒரு செம்பருத்திப் பூ. பழைய சிம்மை உடைத்து ஆற்றில் போட்டுவிட்டாள். சர்ச்சில் யாராவது போனைத் தூக்கினால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். எத்தனை தடவைதான் ஒருத்திக்குச் செருப்பு வார் கழலும் என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

ஆனால் மனுஷி எத்தனை காலம்தான் குனிந்தே இருப்பாள்?

கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். மொட்டைமாடியில் வெண்டை போட்டாள். மலையாளத்தில் சண்டை போடும் அளவுக்கு ஆட்டோக்காரர்களோடு பழகினாள். அம்மு எங்கள் வீட்டில்தான் டிவி பார்க்கும். என் வீட்டுக்காரரும் அதுவும் நல்ல கூட்டு. அவர் பலாச்சுளைகளைத் தந்தால் அது கொட்டையை எண்ணி அவரிடம் திருப்பிக்கொடுக்கும்.

அப்போதுதான் கிரேஸின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மணமகளுக்கு முன்னால் பூத்தட்டு ஏந்தி நடக்க ஒரு சின்னப் பெண் வேண்டும். அம்முவைக் கேட்டார்கள். ஷைனி முடியாது என்றாள். அம்மு இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெள்ளை கவுன் போடும் ஆசை எந்தப் பெண் குழந்தைக்குத்தான் இருக்காது?

ஷைனி இறங்கிவந்தாள். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். ஸ்டுடியோ வைத்திருப்பவர் பினு. நல்ல மனிதர். எங்கள் பகுதியில் ஞானஸ்நானம் முதல் அடக்க ஆராதனை வரை அவர் கேமராதான்.

"போட்டோ யாருக்கெல்லாம் போகும் அண்ணா?" என்று கேட்டாள் ஷைனி.

பினு சிரித்தார். "சேச்சி பேடிக்கவே வேண்டாம். இப்பம் நாங்க ஃபேஸ் வச்சாக்கும் குடுக்கது. அவங்கவங்க மூஞ்சி காட்டினா அவங்கவங்க போட்டோ மட்டும் வரும். வேற ஒரு குஞ்ஞும் காண முடியாது. ஃபுல் பிரைவசி!"

கேட்டீர்களா? பிரைவசி என்றுதான் விற்றார்கள். முன்பு ஆல்பம் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் வரை புரட்டிப் பார்ப்பான். இது அதைவிட எவ்வளவோ மேல் என்று எனக்கே பட்டது. ஷைனியின் முகமும் தெளிந்தது.

கல்யாணம் ஜோராக நடந்தது. அம்மு தட்டைக் கவிழ்க்காமல் பீடம் வரை நடந்தது. பந்தியில் ஷைனி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிமாற வந்த பையன் அவள் இலையில் பாயசத்துக்கு மேல் ரசத்தை ஊற்றிவிட்டான். அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள்... நானும் சிரித்தேன், அம்முவும் சிரித்தது. எதற்கென்று தெரியாமலே எதிர்வரிசையும் சிரித்தது. பினுவின் ஆள் அதை எடுத்துவிட்டான்.

மறுநாள் அவளே ஸ்கேன் செய்து பார்த்தாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி என்னிடம் காட்டினாள். "நான் இப்படிச் சிரிப்பேன்னு எனக்கே மறந்துபோச்சுக்கா" என்றாள்.

சில மாதங்கள் போயின.

ஒருநாள் காலை, ஷைனி வேலைக்கும் அம்மு பள்ளிக்கும் போன பிறகு, வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. நறுவிசாக உடுத்திய ஒருவர் இறங்கினார். கையில் ஆப்பிள் கவர். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா, உங்க பத்தியை நான் ஒரு வாரம்கூட விட்டதில்ல. ரொம்ப நாளா உங்களைப் பார்க்கணும்னு..."

வாசகர்! வீடு தேடி வந்த வாசகர்! எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் டீ போட்டேன். வந்தவர் என் பழைய கட்டுரைகளை வரி வரியாகச் சொன்னார். பலாக்கொட்டை எண்ணும் குழந்தையைப் பற்றி நான் எழுதியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதையும் சொன்னார்.

"அந்தக் குழந்தை உங்க பேத்தியாம்மா?"

"இல்ல, தெரிஞ்ச பிள்ளை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்தார். திரையைத் துடைத்தார். எங்கள் இருவருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்தார்.

பாயசத்தில் ரசம் விழுந்த படம்.

"இது என் மனைவி" என்றார். "இது என் மகள். பக்கத்துல நீங்க. உங்க போட்டோவைத்தான் வாராவாரம் பத்திரிகையில பார்க்கிறேனே! பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. நீங்க வெள்ளறடைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

வந்தவன் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாதே! அவருக்கு ஷைனி புருஷன் வெளிநாட்டில் இருப்பவன்தானே! வாயெல்லாம் பல்லாக, "அய்யோ, இது நம்ம மாடி..." என்று ஆரம்பித்தார்.

"கல்யாண வீடுல்ல... யார் யாரோ பக்கத்துல வந்து உட்காருவாங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன். "மாப்பிள்ளை வீட்டு ஆளா இருக்கும். எனக்குத் தெரியாது."

வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொல்லிய பாதி போதுமானதாக இருந்தது. வந்தவன் மெல்ல நிமிர்ந்து ஜன்னல் வழியாக மாடிப்படியைப் பார்த்தான். படியில் அம்முவின் இன்னொரு ஜோடி ஷூ கழுவிக் காயவைத்திருந்தது.

அவன் சிரித்தான். கோபப்படவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தான் என்பதைப் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சொன்னான். எந்த ஊரில் யாருக்குக் கல்யாணமானாலும் அந்தப் படங்களின் லிங்க் கைக்கு வந்துவிடுமாம். அதுதான் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறதே! வரும் ஒவ்வொரு லிங்க்கிலும் தன் முகத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, தன் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் மனைவி படத்தைப் போன் கேமராவுக்கு முன்னால் பிடிப்பானாம்.

"எவ்வளவோ தடவை 'படம் எதுவும் இல்லை'ன்னுதான் வரும்மா. நான் விடல. ஒருநாள், 'உங்கள் படங்கள் தயார்'னு வந்துச்சு பாருங்க..."

உங்கள் படங்கள். அவனைத்தான் அது ஷைனி என்று நினைத்துக்கொண்டது. அல்லது, அது ஒன்றையும் நினைக்கவில்லை. கேட்டவனுக்குக் கொடுத்தது, அவ்வளவுதான்.

டீயை முழுவதும் குடித்துவிட்டு, கவரை மேசையில் வைத்துவிட்டுப் போனான். "நான் தகராறு பண்ற ஆள் இல்லம்மா. என் குடும்பம் எனக்கு வேணும். மறுபடி வர்றேன்" என்றான்.

நான் லேபுக்கே ஓடினேன். ஷைனியை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"எந்தப் போட்டோக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன்.

"அதுவா..." என்றாள்.

ஒருத்தி எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்த ஒரே நேரம். அதுதான் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இதற்கு நான் என்ன ஆறுதல் சொல்ல?

அங்கிருந்து நேரே பினுவிடம் போனோம். கதையைக் கேட்டு பினுவுக்கு வேர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் கண்கலங்கினார். எங்கள் முன்னாலேயே ஆல்பத்தை அழித்தார். கிரேஸிடம் கேட்கவே இல்லை. "தெய்வமே, இப்பிடி ஒரு வழி உண்டுன்னு எனக்கு ஒரு நாளும் தோணல்லியே சேச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் யார் யாரோ டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டதை யார் அழிப்பது? அதுவும் போகட்டும். முகத்தை அளந்து வைத்துக்கொள்வது பினு அல்லவே, ஏதோ ஒரு ஊரில் இருக்கிற ஏதோ ஒரு கம்பெனி. அவர்களுக்கு பினு மெயில் அனுப்பினார். உடனே பதில் வந்துவிட்டது. மனிதர்கள் அவ்வளவு வேகமாகப் பதில் போடமாட்டார்கள், இயந்திரம்தான். பினு அதைத் தமிழில் படித்துச் சொன்னார்.

உங்கள் முகத்தை எங்கள் பதிவிலிருந்து நீக்க வேண்டுமா? நீங்கள்தான் என்று உறுதி செய்ய, நல்ல வெளிச்சத்தில் நின்று தெளிவான செல்ஃபி ஒன்றை அனுப்பவும்.

அன்றைக்கு ஷைனி ஒரே ஒரு தடவை சிரித்தாள் என்றால் அதைக் கேட்டுத்தான். அதைச் சிரிப்பு என்று சொல்லலாமா தெரியவில்லை.

பிறகு போலீஸ் ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. மரியாதையாக உட்காரவைத்தார்கள். ஒரு பெண் அதிகாரி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அயாள் இப்போ எந்தெங்கிலும் செய்தோ?" என்றார். அவன் இப்போது ஏதாவது செய்தானா?

என்ன செய்தான்? ஆப்பிள் வாங்கி வந்தான். டீ குடித்தான். பத்தியைப் பாராட்டினான்.

கல்யாண வீட்டில் படம் எடுத்தது குற்றமா? இல்லை. லிங்க்கை ஃபார்வர்ட் செய்தது குற்றமா? இல்லை. கட்டிய மனைவியின் படத்தைப் போனுக்கு முன்னால் பிடித்தது? "ஏதாவது செய்தால் உடனே விளிக்கணும் கேட்டோ" என்று தன் சொந்த நம்பரைக் கொடுத்தார் அந்த அம்மா. நல்ல மனசு. ஆனால் அவன் ஏதாவது செய்த பிறகு கூப்பிட, ஷைனி இருக்க வேண்டுமே?

அவன் சொன்னபடியே மறுபடியும் வந்தான். வீட்டுக்கு அல்ல, சர்ச்சுக்கு. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் போய் அந்தப் படத்தைக் காட்டினான். "நான் இல்லாம எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாருங்க... இருக்கட்டும். நான் மன்னிச்சுட்டேன். வீட்டுக்கு வந்தா போதும்" என்று தழுதழுத்தான்.

ஊர் உருகிவிட்டது.

அடுத்த வாரமே தூது வர ஆரம்பித்தது. போதகர் வீட்டு அம்மா வந்தார். லேபில் கூட வேலை பார்ப்பவள் வந்தாள். கிரேஸும் வந்தாள். "நல்ல தங்கமான மனுசனாட்டுல்லா இருக்காரு மைனி. இவளுக்காக்கும் திமிரு. வெளிநாடுன்னு ஊரு முழுக்கப் பொய்யில்லா சொல்லியிருக்கா!"

என் வீட்டுக்காரரும், ராத்திரி சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தார். "அவனும் பாவமில்லியா? ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டு நாம..."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவருக்குப் பதில் இரண்டு நாளில் கிடைத்தது.

சாயங்காலம். அம்மு எங்கள் ஹாலில் அவரோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. இவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் குழந்தையைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு சின்னக் கை மட்டும் நீண்டது. வெளியே கிடந்த தன் இரண்டு செருப்பையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. தான் அங்கே இருக்கும் அடையாளம் ஒன்றும் வெளியே தெரியக்கூடாதாம்.

இவர் குனிந்தார். "மக்கா... கூரியர்காரனாக்கும். நீ வெளிய வா மக்கா."

அது இவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தது. பேசாதீங்க!

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு 'அவனும் பாவம்' என்ற பேச்சு அந்த வாயிலிருந்து வரவே இல்லை. மறுநாள் மாடிப்படிக்குப் புதிதாக ஒரு இரும்புக் கதவு போட ஆளைக் கூட்டி வந்தார்.

கதவு வேலை முடிவதற்குள் ஷைனி போய்விட்டாள்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இரண்டு பை. அம்மு பாதித் தூக்கத்தில் இருந்தது. "எங்கன்னு கேக்காதீங்கக்கா. தெரியலன்னா உங்களுக்குப் பொய் சொல்ற கஷ்டம் இருக்காது" என்றாள். போகும்போது ஒரே ஒரு உதவி கேட்டாள். "உங்க போன்ல இருக்கிற எங்க படத்தை எல்லாம் அழிச்சிடுங்க."

அவள் முன்னாலேயே போனை எடுத்தேன். எங்கே தேடுவது என்று திணறவே வேண்டியிருக்கவில்லை. என் போன் ஏற்கெனவே அவர்கள் இருவரையும் தனித்தனி வட்டத்துக்குள் எடுத்து அடுக்கி வைத்திருந்தது. மொட்டைமாடியில் வெண்டை பறிப்பது, அம்மு ஊஞ்சலில் ஆடுவது, தூரத்தில் குடைக்கு அடியில் நிற்பது என்று ஒன்றுவிடாமல். வட்டத்துக்குக் கீழே ஒரு கேள்வி. 'இவர் யார்? பெயரைச் சேர்க்கவும்.'

நான் யாரையும் அடுக்கச் சொல்லவில்லையே! யார் கேட்டது?

அழித்தேன். என் போனிலிருந்து போய்விட்டது. எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

எங்களுடையது எல்லைப் பிரதேசம். செக்போஸ்ட் என்றால் எங்களுக்குப் பழக்கம். கோழி லாரியை நிறுத்துவார்கள், அரிசி மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள், சாராய பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவுவார்கள். ஒரு பெண்ணின் முகம் மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாராளமாகப் போய் வருகிறது. ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

யார்மேல் கோபப்படுவது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பினு மேலா? அவர் இப்போது அந்த முகம் தேடும் ஆப்பை விட்டுவிட்டார். அதனால் கல்யாண ஆர்டர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போகின்றன. லிங்க்கைப் பகிர்ந்தவர்கள் மேலா? அவர்கள் சந்தோஷத்தைப் பகிர்ந்தார்கள். கம்பெனி மேலா? அங்கே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. சட்டம் வருமா? வரும், வரும். வரும்போது ஷைனி எந்த ஊரில் எந்தப் பெயரில் இருப்பாளோ!

கிரேஸிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது அவள் கேட்டாள். "நமக்கு ஒளிக்க என்ன உண்டு மைனி? களவாண்டோமா, கள்ளக்கடத்து செய்தோமா?"

ஒன்றும் இல்லைதான், கிரேஸ். உனக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் நாம் தனியாகவா படத்தில் நிற்கிறோம்? ஒளிய வேண்டியவள் நம் பக்கத்தில் நிற்கிறாள். நம்மோடு உட்கார்ந்து பாயசம் சாப்பிடுகிறாள். நாம் அள்ளிக்கொடுப்பது அவளையும் சேர்த்துத்தான்.

இதைச் சொல்லித்தான் யாரையும் தடுக்க முடிகிறதா? சென்ற வார மண்டபத்தில் பந்தியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கைக்குழந்தையைத் தூக்கிப்பிடித்து அதன் முகத்தை ஸ்கேன் செய்தாள் ஒரு இளம்தாய். குழந்தை பொக்கை வாயால் போனைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் நின்ற பத்துப் பேரும் கைதட்டினார்கள். எழுந்துபோய் வேண்டாம் என்று சொல்லவேண்டும் போலிருந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரிந்திருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் தெரியாத ஒரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஷைனி. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டதாம். குழந்தை பள்ளிக்குப் போகிறதாம்.

"ஸ்கூல்ல கிளாஸ் போட்டோ எடுத்தாங்களாம்க்கா" என்றாள். "எல்லாரும் நின்னு சிரிக்க, இவ மட்டும் ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டு நின்னிருக்கா. டீச்சர் எவ்வளவு சொல்லியும் கையை எடுக்கலையாம். கடைசில அப்படியே எடுத்துட்டாங்களாம். நான் சொல்லிக்கொடுக்கலக்கா... சத்தியமா நான் சொல்லிக்கொடுக்கல."

கடைசியில், "இதை எழுதலாமா?" என்று கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"எழுதுங்கக்கா" என்றாள். "ஊர் பேரைக்கூடப் போடுங்க. அங்கதான் நாங்க இல்லையே. ஆனா அவர் உங்க பத்தியை ஒரு வாரமும் விடமாட்டார். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க."

ஞாபகம் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அவள் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்று இதில் ஒரு வரிகூடக் கிடையாது - நீ எத்தனை தடவை படித்தாலும்.